சின்னதாகிப் போன சிவப்பு சாக்ஸ்

கேள்வி:

அன்புள்ள மேடம்,

எங்களுக்குத் திருமணமாகி 11 வருடங்கள் ஆகின்றன. நான்கு முறை ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை) சிகிச்சை செய்தோம். இரண்டு முறை கரு தங்கியும், 8ஆவது வாரத்தில் ஒன்றும் 11ஆவது வாரத்தில் ஒன்றுமாகக் கலைந்துபோயின. இந்த ஏப்ரலில் மகள் பிறந்தாள். கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு 8 மாதம் நிறைந்திருக்கும்.

திருமணமான இரண்டாம் வருடம் ஒருமுறை நாள் தள்ளிப்போனபோது, சிவப்பில் ஒரு ஜோடி குட்டி சாக்ஸ் வாங்கினேன், பிள்ளையின் முதல் கிறிஸ்துமஸுக்கு என்று. அடுத்த வாரமே ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டது. சாக்ஸ் மட்டும் பீரோவில் இருந்தது. மூன்று வீடு மாறியும் தூக்கிப்போட மனம் வரவில்லை. போன வாரம் அதை எடுத்து மகளுக்குப் போட்டேன். குதிகாலைத் தாண்டி ஏறவில்லை. அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

வீட்டில் எல்லோரும் ஆனந்தத்தில் இருக்கிறார்கள். மாமியார் அன்றைக்கு அறுபது பேரை அழைக்கப்போகிறார். சபையில் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள். சிகிச்சையைப் பற்றி வாயைத் திறக்காதே, ஜெபத்தால் கிடைத்தது என்று மட்டும் சொல் என்கிறார் மாமியார். கணவர் தினமும் ஒரு பொம்மையோடு வருகிறார். எனக்கு மட்டும் நெஞ்சில் கல்லை வைத்தாற்போல் இருக்கிறது. அவள் மூச்சு விடுகிறாளா என்று இரவில் நாலைந்து தடவை எழுந்து பார்க்கிறேன். சிகிச்சைக்குப் போன இடத்தில் கிடைத்த தோழி ஒருத்திக்கு இன்னும் குழந்தை இல்லை. அவளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் இரண்டு மாதமாகப் பேசவே இல்லை. கேட்டது கிடைத்த பிறகும் சந்தோஷப்படத் தெரியாத நான் நன்றிகெட்டவளா? இந்தக் கிறிஸ்துமஸை எப்படிக் கொண்டாடுவது?

பின்குறிப்பு: மகளுக்கு என்ன பரிசு வாங்குவது என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

— ஒரு வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த சாக்ஸைப் பற்றிப் பேசிவிடலாம். உங்கள் கடிதத்தில் உள்ள மற்ற எல்லாமே அதற்குள் இருக்கிறது.

ஒன்பது வருடம் பீரோவில் காத்திருந்த சாக்ஸ் உங்கள் மகளின் காலுக்குச் சேரவில்லை. சேராது. அது வேறொரு பிள்ளைக்காக வாங்கியது. இரண்டாம் வருடத்தில் ஒரு வாரம் மட்டும் நீங்கள் மனதில் சுமந்த பிள்ளை அது. பிறந்திருந்தால் இன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். 8ஆவது வாரத்தில் போனது இன்னொன்று. 11ஆவது வாரத்தில் போனது மற்றொன்று. ஊரார் கணக்கில் உங்களுக்கு ஒரு பிள்ளை. உங்கள் மனக்கணக்கு வேறு. மகள் பிறந்த அன்று "இனி எல்லாம் சரியாகிவிட்டது" என்று ஆளாளுக்குச் சொல்லியிருப்பார்கள், நீங்களும் நம்பப் பார்த்திருப்பீர்கள். விரல் நீளம்கூட இல்லாத ஒரு துணி குதிகாலில் வந்து நின்றுகொண்டு, எல்லாம் சரியாகவில்லை என்று காட்டிவிட்டது. நீங்கள் அழுதது போனவர்களுக்காக. மகள் மேல் உள்ள அன்புக்கும் அந்த அழுகைக்கும் சண்டை ஏதும் இல்லை.

"கேட்டது கிடைத்த பிறகும்" என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டது கிடைத்தது உண்மைதான். ஆனால் கேட்டுக்கொண்டே நின்ற 11 வருடத்தை யாரும் திருப்பித் தரவில்லையே! அதற்கும் சேர்த்து இந்த ஒரே நாளில் சந்தோஷப்பட்டுக் காட்ட வேண்டும் என்று உங்களை நீங்களே நிர்ப்பந்திக்கிறீர்கள். யாராலும் அது ஆகாது. நீங்கள் நன்றிகெட்டவர் இல்லை. களைத்துப்போனவர்.

குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளோடு பல வருடங்களாக உட்கார்ந்து பேசிவருகிறேன். அவர்களுடைய காலண்டர் வேறு மாதிரி ஓடும். ஊசி போடும் நாட்கள், கருமுட்டை எடுக்கும் நாள், கருவை உள்ளே வைக்கும் நாள், அதன் பிறகு ரத்தப் பரிசோதனை வரைக்கும் நகரவே நகராத இரண்டு வாரம். கழிப்பறைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் ரத்தம் தெரிகிறதா என்று பார்க்கும் பயம். ஸ்கேன் எடுக்கிறவர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையையே பார்க்கும் அந்தச் சில நொடிகள். நல்ல சேதி வந்தால் அதன் பின்னாலேயே கெட்ட சேதியும் வரும் என்று உங்கள் உடம்பு பாடம் படித்துவிட்டது, அதுவும் இரண்டு முறை. ஒரு பிரசவம் நடந்துவிட்டதால் அந்தப் பாடம் மறந்துவிடாது. அதனால்தான் சந்தோஷம் பெரிதாக வருகிற நேரம் பார்த்துப் பயமும் பெரிதாக வருகிறது. மகள் சிரிக்கிறாள், உங்கள் நெஞ்சு இறுகுகிறது. இந்தத் தடவை விழுந்தால் எழுந்திருக்க முடியாது என்று மனம் முன்கூட்டியே கையை ஊன்றிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

டிசம்பர் மாதத்துக்கும் இதில் பங்கு உண்டு. பண்டிகைகள் எத்தனையோ இருக்க, பிள்ளை இல்லாதவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஏன் இவ்வளவு கனக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அதன் நடுவில் இருப்பதே ஒரு பிரசவம். குடிலின் மையத்தில் ஒரு குழந்தை, பாட்டில் குழந்தை, பிரசங்கத்தில் குழந்தை. அதோடு உறவினர்கள் கூடும் நாள். "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்காமல் ஒரு கிறிஸ்துமஸாவது உங்களை விட்டிருப்பார்களா? இத்தனை வருடமும் டிசம்பர் என்றால் உள்ளுக்குள் சுருங்கிக்கொள்வது என்று பழகியிருக்கிறீர்கள். இந்த டிசம்பரில் பிள்ளை மடியில் இருக்கிறது, உடம்பு மட்டும் பழைய டிசம்பரிலேயே இருக்கிறது.

நீங்கள் வேதத்தை வாசிக்கிறவர் என்று தெரிவதால், எலிசபெத்தை நினைவுபடுத்துகிறேன். கிறிஸ்துமஸ் கதையை நற்செய்தி எழுதிய லூக்கா மாட்டுத்தொழுவத்தில் தொடங்கவில்லை. வெகுகாலம் பிள்ளை இல்லாதிருந்த ஒரு தம்பதியின் வீட்டில் தொடங்குகிறார். வயது சென்ற பிறகு எலிசபெத்து கருவுற்றாள். உடனே அவள் என்ன செய்தாள்? தெருவில் இறங்கிச் சொல்லவில்லை. ஐந்து மாதம் தன்னை மறைத்துக்கொண்டிருந்தாள் என்கிறது முதலாம் அதிகாரம். அவள் எதற்காக மறைந்திருந்தாள் என்பதற்குப் பலர் பல விளக்கம் சொல்வார்கள். என் முன்னால் உட்கார்ந்து பேசிய பெண்களை வைத்து நான் அதை இப்படிப் படிக்கிறேன்: அத்தனை வருட ஏக்கத்துக்குப் பிறகு வந்த சந்தோஷத்தை வெளியே கொண்டுவர அவளுக்கு நாள் தேவைப்பட்டது. கர்த்தர் தன் நிந்தையை நீக்கினார் என்று அவள் சொல்கிறாள், ஆனால் அதை வீட்டுக்குள் இருந்துகொண்டு சொல்கிறாள். அவளை யாரும் நன்றிகெட்டவள் என்று சொன்னதாக லூக்கா எழுதவில்லை.

இனி இந்தக் கிறிஸ்துமஸை எப்படிக் கொண்டாடுவது என்ற கேள்விக்கு வருகிறேன்.

25ஆம் தேதிக்கு முன்பே ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். போன பிள்ளைகளுக்கு ஒரு பத்து நிமிடம் கொடுங்கள். கர்ப்பம் உறுதியானவர்களில் 100க்கு 10 முதல் 20 பேருக்குக் கரு கலைகிறது. இத்தனை பேருக்கு நேர்கிற ஒன்றுக்குச் சடங்கும் இல்லை, துக்கம் விசாரிக்க வருகிறவரும் இல்லை. சில நாடுகளில் உள்ள சபைகள் டிசம்பர் 21ஐ ஒட்டி, பூமியின் வடபாதியில் இரவு மிக நீளமாக இருக்கும் நாளில், துக்கத்தில் இருப்பவர்களுக்காக அமைதியாக ஓர் ஆராதனை வைக்கின்றன. உங்கள் சபையில் அந்த வழக்கம் இல்லாவிட்டால் பரவாயில்லை. மகள் தூங்கிய பிறகு நீங்களும் கணவரும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி உட்காருங்கள். பேர் வைத்திருந்தால் பேரைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாரத்தைச் சொல்லுங்கள்: எட்டாவது வாரத்துப் பிள்ளை, பதினோராவது வாரத்துப் பிள்ளை. ஜெபம் வந்தால் ஜெபியுங்கள். வராவிட்டால் சும்மா இருங்கள். கிறிஸ்துமஸ் நேரத்தில் அழலாமா என்று தயங்க வேண்டாம். மத்தேயு எழுதிய பிறப்புக் கதையிலேயே, பெத்லகேமின் ஆண் குழந்தைகளை ஏரோது ராஜா கொல்லச் செய்த பிறகு, பிள்ளைகளுக்காக அழுது ஆறுதலடையாத ராகேல் என்ற தாய் வந்துவிடுகிறாள். திருச்சபையின் காலண்டரில் டிசம்பர் 28ஐ அந்தப் பிள்ளைகளுக்காகவே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், பிறப்பு விழாவிலிருந்து சரியாக மூன்றாவது நாள்.

அந்த சாக்ஸை மறுபடி பீரோவுக்குள் வைக்காதீர்கள். கிறிஸ்துமஸ் மரம் வைப்பதாக இருந்தால் அதில் தொங்கவிடுங்கள், மகளின் கைக்கு எட்டாத உயரத்தில். யாராவது கேட்டால் "இது பழசு, இவளுக்கு முன்னால் வாங்கியது" என்று சொன்னால் போதும். ஒவ்வொரு வருடமும் தொங்கட்டும். விவரம் தெரிந்த வயதில் மகளே கேட்பாள். அன்றைக்குச் சொல்வதற்கு உங்களிடம் ஒரு கதை இருக்கும்.

அடுத்து அந்த அறுபது பேர்.

எலிசபெத்தின் கதையில் இன்னொரு இடம் இருக்கிறது, அதை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். பிள்ளை பிறந்த எட்டாம் நாள் அயலகத்தாரும் சொந்தக்காரரும் கூடினார்கள். தகப்பன் பேரையே வைக்க வேண்டும் என்று அவர்களே முடிவுசெய்துவிட்டார்கள். அத்தனை பேர் முன்னிலும் எலிசபெத்து "அப்படியல்ல" என்றாள். அவர்கள் விடவில்லை. உன் இனத்தில் அந்தப் பேர் யாருக்கும் இல்லையே என்று வாதாடிவிட்டு, தகப்பனிடம் சாடை காட்டிக் கேட்டார்கள். வாய் பேச முடியாதிருந்த சகரியா பலகையை வாங்கி, மனைவி சொன்ன அதே பேரை எழுதினார். வெகுகாலம் காத்திருந்து பெற்ற தாய், கூட்டம் என்ன நினைக்குமோ என்று பயந்து விட்டுக்கொடுக்கவில்லை. கணவரும் அவளைத் தனியே நிற்க விடவில்லை. இந்த இரண்டுமே உங்கள் வீட்டுக்குத் தேவை.

உங்கள் மாமியாரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவரும் 11 வருடம் காத்திருந்தவர். உங்களிடம் கேட்ட அதே கேள்வியை அவரிடமும் கேட்டிருப்பார்கள், பதில் சொல்ல முடியாமல் அவரும் தலையைக் குனிந்திருப்பார். அறுபது பேரைக் கூப்பிடுவது அந்த அறுபது பேருக்கும் அவர் சொல்லும் பதில். அதனால் "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு வலிக்கும். அவருக்கென்று ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதைக் குறைக்கச் சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் காலையில், யாரும் வருவதற்கு முன், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அவர் லூக்கா இரண்டாம் அதிகாரத்தை வாசிக்கட்டும். அது அவருடைய நேரம். வேறு யாரும் அதில் கை வைக்க வேண்டாம். அதன் பிறகு விருந்தினர் எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்று பேசுங்கள். அந்தப் பேச்சைத் தொடங்க வேண்டியவர் உங்கள் கணவர். அவருடைய அம்மாவிடம் அவர் சொன்னால் அது மகன் சொல், நீங்கள் சொன்னால் அது மருமகள் குற்றச்சாட்டாகிவிடும். அவர்தான் இந்த வீட்டுச் சகரியா.

எட்டு மாதக் குழந்தையைப் பற்றிச் சில விஷயங்கள் தெரிந்தால் பேசுவதற்கு உங்கள் கையில் பிடிமானம் இருக்கும். இந்த வயதில்தான் குழந்தைக்கு வேற்று முகம் தெரியத் தொடங்கியிருக்கும். போன மாதம்வரை யார் தூக்கினாலும் சிரித்தவள், புதியவர் கை நீட்டினால் உங்கள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிடுவாள். "அம்மாவிடமே ஒட்டவைத்து வளர்க்கிறாள்" என்று யாராவது சொல்வார்கள். அது வளர்ப்பின் குறை இல்லை. தன்னுடையவர் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று பொருள். அவளைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுக்க வேண்டாம். நீங்களோ கணவரோ தூக்கி வைத்துக்கொண்டிருந்தால், வருகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசட்டும். கொஞ்ச நேரத்தில் அவளே எட்டிப் பார்ப்பாள்.

பகல் தூக்கத்தையும் சேர்த்து இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் வேண்டும். அவள் தூங்கி எழுகிற நேரத்தைப் பார்த்து விருந்தை இரண்டு மணி நேரமாக வையுங்கள், விருந்தின் நேரத்துக்கு அவளை இழுக்காதீர்கள். தூக்க வருகிறவர்கள் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு வரட்டும். சளி, இருமல் உள்ளவர்கள் தூரத்திலிருந்தே வாழ்த்தட்டும். முகத்தில் முத்தம் கொடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெரியவர்களுக்குச் சாதாரண ஜலதோஷமாக வந்துபோகிற சில கிருமிகள் கைக்குழந்தையின் நுரையீரலைப் பிடித்துக்கொள்ளும். உதட்டோரக் கொப்புளத்தைத் தரும் வைரஸும் முத்தத்தால் பரவுவதுதான். ஃப்ளூ தடுப்பூசியை 6 மாதத்திலிருந்தே போடலாம், முதல் முறை போடும்போது 4 வார இடைவெளியில் 2 தவணை. இன்னும் போடவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள்.

வாயில் எதையாவது ஊட்டிவிட ஒருவர் கட்டாயம் வருவார். ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு சொட்டும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்துக்கள் குழந்தையின் குடலில் நச்சை உண்டாக்கலாம். கொட்டைகளை முழுசாகக் கொடுக்கக் கூடாது. சர்க்கரையும் உப்பும் சேர்த்த பலகாரம் எதுவும் அவளுக்குத் தேவை இல்லை. இன்னொன்று, இதைத் தயவுசெய்து அலட்சியமாக விடாதீர்கள்: மின்னும் விளக்குகள், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டைகள், சின்னச் சின்ன பொம்மைகள் ஆகியவற்றுக்குள் பட்டன் வடிவ பேட்டரி இருக்கும். அதைக் குழந்தை விழுங்கி, உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அந்த இடம் வெந்து புண்ணாகத் தொடங்கிவிடும். விழுங்கியிருப்பாளோ என்று சந்தேகம் வந்தாலே உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வெடித்த பலூன் துண்டுகளையும் உடனுக்குடன் பொறுக்கிவிடுங்கள். கணவர் வாங்கிவரும் பொம்மைகளை ஒரு நாள் மாலையில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். பேட்டரி மூடிக்குத் திருகாணி இல்லாதவற்றை எடுத்து வைத்துவிடுங்கள்.

அப்படி உட்காரும்போது அவரிடம் ஒன்று கேளுங்கள்: "நீங்கள் அந்த இரண்டு பிள்ளைகளை நினைப்பதுண்டா?" தினமும் ஒரு பொம்மையோடு வருகிற மனிதருக்கும் 11 வருடம் ஆகியிருக்கிறது. ஸ்கேன் அறையில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு அழுவதற்கு யாரும் இடம் கொடுத்திருக்க மாட்டார்கள். மனைவியைத் தேற்று என்றுதான் சொல்லியிருப்பார்கள். சிலர் அழுகையைக் கடையில் போய்த்தான் அழுவார்கள். இந்தக் கேள்விக்கு அவர் உடனே பதில் சொல்லாவிட்டாலும் பொறுத்திருங்கள்.

சாட்சி விஷயத்தில் உங்கள் தயக்கம் சரியானது என்பது என் கருத்து. மேடையில் சொல்லப்படும் சாட்சிக்கு ஒரு வடிவம் உண்டு: அழுதேன், ஜெபித்தேன், கிடைத்தது. அதே ஆராதனையில், பின்வரிசையில், உங்களைவிட அதிகமாக ஜெபித்தும் கிடைக்காத ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். பத்து வருடம் அந்த வரிசையில் உட்கார்ந்த உங்களுக்கு அவள் முகம் தெரியும். உங்கள் நாக்கு எழாததற்கு அவள் ஒரு காரணமாக இருக்கலாம். அது விசுவாசக் குறைவு இல்லை.

சிகிச்சையைச் சொல்லலாமா என்பதில் வெட்கத்துக்கு வேலையே இல்லை. இந்த முறையில் முதல் குழந்தை லூயிஸ் பிரவுன் 1978 ஜூலை 25 அன்று பிறந்தார். இதுவரை உலகம் முழுவதும் ஒரு கோடிக்கும் அதிகமான குழந்தைகள் இப்படிப் பிறந்திருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சிக்காக ராபர்ட் எட்வர்ட்ஸுக்கு 2010இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். மருத்துவரின் கைக்கும் கடவுளின் கைக்கும் சேர்த்தே நன்றி சொல்லலாம், ஒன்றைச் சொன்னால் மற்றொன்று குறைந்துவிடாது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். எப்படி உருவானாள் என்பது உங்கள் மகளின் கதையும்தான். அதைக் கேட்கிற முதல் ஆள் அவளாக இருக்க வேண்டுமா, சபையாக இருக்க வேண்டுமா? மேடையில் சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால், போதகரைத் தனியே பார்த்து, "இந்த வருடம் சாட்சி வேண்டாம் ஐயா. அதற்குப் பதிலாகப் பிள்ளைக்காகக் காத்திருப்பவர்களுக்கும், பிள்ளையை இழந்தவர்களுக்கும் அன்றைக்கு ஒரு ஜெபம் பண்ணுங்கள்" என்று கேட்பேன். யாருடைய பேரும் வேண்டாம். பின்வரிசைக்குக் கேட்டால் போதும்.

தோழிக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தையின்மையைச் சந்திக்கிறார். அத்தனை பெரிய கூட்டத்தில் உங்கள் இருவருக்கும் ஒரே காத்திருப்பு அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி கிடைத்தது. ஒருத்தியை உள்ளே கூப்பிட்டார்கள், இன்னொருத்தி அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குக் கிடைக்க வேண்டியதை நீங்கள் எடுத்துக்கொண்டு வந்ததுபோல ஒரு குற்ற உணர்ச்சி உங்களுக்கு. உங்கள் மகள் யாருடைய பங்கும் இல்லை, சகோதரி. இது அறிவுக்குத் தெரியும், மனதுக்குத் தெரிய நாளாகும்.

அவளுக்கு வலிக்கும் என்று நினைத்துத்தான் இரண்டு மாதம் பேசாமல் இருந்திருக்கிறீர்கள். அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வேறு மாதிரி தெரியும்: பிள்ளை வந்ததும் இவளும் போய்விட்டாள். எனவே பேசுங்கள். போன் செய்ய வேண்டாம். போனில் அவள் உடனே குரலைச் சரிசெய்துகொண்டு சந்தோஷப்பட்டுக் காட்ட வேண்டியிருக்கும். எழுதி அனுப்புங்கள். தனியாக ஒரு நாள் படித்து, அழ வேண்டுமானால் அழுதுவிட்டு, வேண்டும்போது பதில் எழுதட்டும். படம் சேர்க்க வேண்டாம், அவள் கேட்டால் அனுப்புங்கள். என்ன எழுதுவது என்றுதானே திகைக்கிறீர்கள்? இப்படி ஏதாவது எழுதலாம்:

"ரெண்டு மாசமா உன்கிட்ட பேசல. என்ன பேசறதுன்னு தெரியாம இருந்துட்டேன், தப்பு என் பேர்லதான். கிறிஸ்துமஸ் அன்னைக்கு வீட்டுல கூட்டம் இருக்கும். உன்னைக் கூப்பிடாம இருக்க மனசில்ல, வந்தாகணும்னு சொல்லவும் மனசில்ல. வரணும்னு தோணினா வா. அன்னைக்கு வேண்டாம், வேற நாள் நாம ரெண்டு பேர் மட்டும் பாக்கலாம்னாலும் சரி. பதில் போடலைன்னாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன். உன்னை நினைக்காத நாள் இல்ல."

"அடுத்த கிறிஸ்துமஸுக்கு உன் மடியிலும் இருக்கும்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த வாக்கியத்தை எத்தனை பேர் உங்களிடம் சொன்னார்கள், அது எப்படி இறங்கியது என்பது உங்களுக்கே தெரியும். பதில் வராமல் போகலாம். வந்தாலும் அவள் வராமல் போகலாம். கதவைத் திறந்து வைப்பது மட்டும்தான் உங்கள் பொறுப்பு.

இரவில் எழுந்து பார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். தூக்கத்திலேயே நேரும் திடீர்ச் சிசு மரணங்களில் பெரும்பாலானவை பிறந்த முதல் 6 மாதங்களுக்குள் நிகழ்பவை. உங்கள் மகள் அந்தக் காலத்தைத் தாண்டிவிட்டாள். மெத்தென்று அமுங்காத, சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை, கனத்த போர்வை, பஞ்சு பொம்மை எதுவும் பக்கத்தில் வேண்டாம். அந்தப் புதுப் பொம்மைகளுக்கும் இது பொருந்தும். இவ்வளவு செய்தால் நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது.

ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்தால் தூக்கம் வருகிறதா? வருகிறது என்றால் காலப்போக்கில் இது குறையும். அவள் நன்றாகத் தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராமல் இருந்தால், பயங்கரமான காட்சிகள் மனதில் வந்து வந்து போனால், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது சிகிச்சை தேவைப்படும் பதற்றமோ மனச்சோர்வோ ஆக இருக்கலாம். பிரசவித்த பெண்களில் 10 பேரில் ஒருவருக்காவது இது வருகிறது, முதல் ஒரு வருடத்தில் எப்போது வேண்டுமானாலும். அப்பாக்களுக்கும் வரும். எடின்பரோ அளவுகோல் என்று 1987இலிருந்து பயன்பாட்டில் உள்ள 10 கேள்விகள் இருக்கின்றன. உங்கள் மகப்பேறு மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ கேட்டால் சில நிமிடங்களில் அதை நிரப்பிப் பார்த்துவிடலாம். பேச்சு வழிச் சிகிச்சை நன்றாகப் பலன் தரும். தாய்ப்பால் கொடுக்கும்போது எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளும் உண்டு. ஏங்கிப் பெற்ற தாய்மார்கள்தான் இதை மறைப்பதை நான் அதிகம் பார்க்கிறேன். "இவ்வளவு கேட்டு வாங்கிவிட்டு இப்போது குறை சொல்கிறாயா" என்ற கேள்வியை யாரும் கேட்பதற்கு முன் அவர்களே தங்களிடம் கேட்டுக்கொள்கிறார்கள். உங்களுக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் ஒரு நொடி வந்தாலும் பண்டிகை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றே, அந்த மணி நேரமே கணவரிடம் சொல்லி மருத்துவரிடம் போங்கள்.

கிறிஸ்துமஸ் அன்று காலை எழும்போதும் அந்தக் கல் நெஞ்சில் இருக்கலாம். இருந்தால் இருக்கட்டும், அதோடேயே புது உடுப்பைப் போட்டுவிடுங்கள். இந்த நாள் உங்கள் மகளின் நினைவில் நிற்கப்போவதில்லை. மூன்று வயதுக்கு முந்தைய நாட்கள் வளர்ந்த பிறகு யாருக்கும் பெரும்பாலும் நினைவிருப்பதில்லை. அவளுக்காக எதையும் பிரமாதமாக நடத்திக்காட்ட வேண்டியதில்லை என்பதால் இதைச் சொல்கிறேன். நடுவில் ஒரு நிமிடம் சந்தோஷம் வந்தால் அதை வரவிடுங்கள். அது ஒரு நிமிடத்தோடு போய்விட்டாலும் துரத்திக்கொண்டு போக வேண்டாம்.

பின்குறிப்பில் பரிசு கேட்டிருந்தீர்கள். எட்டு மாதக் குழந்தைக்கு, பொருளைவிட அது போடும் சத்தம்தான் பெரிது. சமையலறையிலிருந்து மூடியோடு ஒரு சின்னப் பாத்திரமும் ஒரு மரக்கரண்டியும் எடுத்து, காகிதத்தில் சுற்றிக் கொடுங்கள். முதலில் காகிதத்தைக் கசக்குவாள். அதைக் கிழித்து வாயில் வைப்பதற்குள் வாங்கிக்கொண்டு, கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டு, தரையில் அவளுக்கு எதிரே நீங்களும் ஒரு கரண்டியோடு உட்காருங்கள். எப்படித் தட்டுவது என்பதை அவள் காட்டுவாள்.